சீல் வைத்த அலமாரி

முப்பது வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்த ஐயாவுக்கு ஒரு வரி மனப்பாடம்: 'பயன்படுத்துவோர் தவறு.' கம்பி தளர்ந்தாலும் கதவு சிக்கினாலும் அறிக்கை அதில்தான் முடியும். இயந்திரத்தைத் திறந்தால் சட்டையில் எண்ணெய் படுமே. அந்த ஒரு வரியால் ஒரு லிஃப்ட்காரருக்கு வேலையே போனது. ஐயா அன்றைக்கும் நிம்மதியாகத்தான் தூங்கினார்.

ஓய்வுபெற்ற பிறகு ஆய்வு செய்ய அவருக்கு மிஞ்சியது துரை, வீட்டுப் பூனை. துரைக்குச் சர்க்கரை நோய். காலை ஏழு, மாலை ஏழு என்று அவரே ஊசி போட்டு நோட்டில் பதிந்தார். இரண்டு யூனிட்டில் தொடங்கிய இன்சுலின் பதினாலைத் தொட்டும் சர்க்கரை இறங்குவேனா என்றது. பழி போட ஆள் வேண்டும். வீட்டில் மனைவியை விட்டால் வேறு யார்?

"நீதான் எனக்குத் தெரியாம ஊட்டுற," என்றார்.

அவள் இல்லை என்றாள். மறுநாளே துரையின் தீனி அலமாரிக்குக் காகிதம் ஒட்டி, தேதியோடு கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். அவளுடைய பிஸ்கட் டப்பாவும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து துரை மடியேற வந்தால், மறுபடி பழி வருமே என்று அவள் எழுந்துவிடுவாள். அது அவளுக்கு வலித்தது. பூனைக்கு அது எப்படிப் புரியும்? காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்.

கால்நடை மருத்துவர் முதலில் ஐயா ஊசி போடுவதையே நின்று பார்த்தார். ஆய்வாளரையே ஆய்வு செய்வதா என்று ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கை சரி, மருந்தும் சரி. பல்லில் சீழ் இல்லை, சிறுநீரில் கிருமி இல்லை. மருத்துவரின் கண் துரையின் கழுத்துப்பட்டையில் நின்றது. ஒரே வருஷத்தில் மூன்று துளை தள்ளியிருந்தது.

"சர்க்கரை அடங்கலைன்னா பூனை இளைக்கணும். இது ஏன் பெருத்துக்கிட்டே போகுது?"

திருட்டுத் தீனிதான், பரிசோதனையெல்லாம் வீண் என்றார் ஐயா. மருத்துவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ரத்தம் எடுத்தார், பிறகு தலையை ஸ்கேன் செய்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து தள்ள, இன்சுலினின் பாச்சா பலிக்கவில்லை. தாடை அகன்றதும் பாதம் பருத்ததும் அதனால்தான். வளர்ப்பு அப்படி என்று ஐயா பெருமையடித்த அதே பாதம். கட்டிக்கு வைத்தியம் உண்டு, துரை இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நான் ஊட்டலை," என்றாள் மனைவி.

"ஊட்டலை."

சீலைப் பிய்த்தார். பசை அப்படி, பெயின்டும் சேர்ந்து வந்தது. பிஸ்கட் டப்பாவை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. துரை மடியேறியது. இந்த முறை அவள் எழவில்லை. அதன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"வேலை போச்சே, அந்த லிஃப்ட்காரர். அவரோட லிஃப்டையாவது தொறந்து பாத்தீங்களா?"

ஐயா பிய்த்த காகிதத்தைக் கையில் கசக்கினார்.

"பாக்கலை," என்றார்.