ஆற்றுக்கு அந்தப் பக்கம்

நோர்வேயின் வடக்கே, துரொண்ட்ஹெய்மிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே பழைய தீர்ப்பொன்றின் நகல். கடைசித் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்த ஓர் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. ஓரங்களில் பென்சில் குறிப்புகள், என் கையெழுத்தில். அக்கா இறந்து மூன்று கிழமை என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள்.

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் நான் முதன்முதலாகச் சேர்ந்த சட்ட அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவர் அவர். ஆபிரிக்காவின் கானா நாட்டுக்காரி. நான் ஒஸ்லோவில் பிறந்தாலும், மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அக்கா என்பேன், அது அவருக்கும் பிடித்துவிட்டது. ஒருநாள் இந்தத் தாள்களைத் தந்து, "இவரை விசாரிக்க அவர்களுக்கு உரிமை இருந்ததா?" என்று கேட்டார். இவர் என்றது தன் தாயின் தகப்பனை. கானாவைப் பிரித்தானியர் ஆண்ட காலத்தில் கொலைக்குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டவர். கொலை நடந்த தோட்டமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்குள் இருந்ததாம். அப்படியென்றால் பிரித்தானிய நீதிமன்றம் அந்த வழக்கைத் தொடவே கூடாது. மேன்முறையீட்டில் அவர் தரப்பு வாதாடியதும் அதைத்தான்.

வீட்டுக்கு, வெஸ்ட்லிக்குப் போகும் ரயிலில் வாசித்தேன். சட்டப் பரீட்சை முடித்த திமிர் இன்னும் இறங்காத காலம். 'ஆட்சேபம் முதல் விசாரணையில் எழுப்பப்படவில்லை. மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது முறைப்படி சரி' என்று ஓரத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டுப் பெருமையாகக் கொடுத்தேன். முதல் விசாரணையில் அந்த மனிதருக்கு வழக்கறிஞரே அனுமதிக்கப்படவில்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அதை வாசித்தும் கடந்துபோயிருந்தேன்.

"ஆறு எங்கே ஓடியது என்று நீயும் பார்க்கவில்லையே" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை. தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அடித்த தொலைபேசியை எடுத்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஏசினார். "அந்த மனிசி உன்னட்டைத் தீர்ப்பே கேட்டது? அவையள் செய்தது அநியாயம் எண்டு சட்டம் படிச்ச ஒரு ஆள் வாயாலை சொல்லட்டும் எண்டெல்லோ கேட்டது!"

சுருக்கென்றது. ஆனாலும் போய்ச் சொல்ல வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். அவர் ஓய்வு பெற்று மகளிடம் போய்விட்டார்.

இன்றைக்கு மறுபடியும் வாசித்தேன், ஒரு வரி விடாமல். நாலாம் பக்கத்தில் பொலிஸ்காரரின் சாட்சியம் இருக்கிறது: சடலத்தை எடுக்கத் தோணியில் போனாராம். தோணியில்! நீதிபதிகள் எல்லோருக்கும் அது கண்முன்னாலேயே கிடந்திருக்கிறது. எனக்கும்தான்.

அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை, அக்கா. புள்ளடியில் விரலை வைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன். உரிய வேளையில் எழுப்பப்படாத ஆட்சேபம். என் சட்டப்படி இதுவும் தள்ளுபடிதான்.