மூட்டை தூக்கிய கலோரி

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் என் வீட்டில் வளர்த்தார்கள். நான் அதையே தொழிலாக வைத்துக்கொண்டு தென்காசியில் பதினோரு வருஷமாகப் பிழைக்கிறேன். வாசலில் ‘உணவு ஆலோசகர்’ என்று போர்டு இருக்கிறது. ஆனால் ‘டயட் மேடம்’ என்று கேட்டால்தான் ஆட்டோக்காரர்களுக்கு வழி தெரியும். உள்ளே ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. எடை குறைக்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் இரண்டாவது வாரம் ஒரு கேள்வி கேட்பார்கள்: உடற்பயிற்சியில் எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? எடையோடு மல்லுக்கட்டிய உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். வெட்கப்பட வேண்டாம். பிள்ளை பெற்ற பிறகு ஏறிய பன்னிரண்டு கிலோவை இறக்க நான் பட்ட பாட்டில் எனக்கும் வந்தது.

கூடாது என்பதுதான் என் பதில். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு சாப்பாடு என்று எழுதித் தரும்போதே, நீங்கள் நடக்கப்போகிற நடையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறேன். நடந்துவிட்டு வந்து அதற்கென்று தனியாகச் சாப்பிட்டால், ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு தடவை பஸ் ஏறுகிற மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கீழே வருகிற முதல் இரண்டு சம்பவங்களில் நான் சொன்னது சரி. அதற்குப் பிறகு வருவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிகாரம் செய்த சிபாரிசு

துபாயில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பாய் ஒருவர் வந்தார். கையில் மகன் அனுப்பிய கடிகாரம். அது நடையை எண்ணும், நாடியை எண்ணும், கலோரியையும் சொல்லும். தினமும் காலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடை, திரும்பி வர பஸ். ஒரு நாள் தவறவில்லை. ஒரு மாதம் கழித்து மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. விசாரித்தேன். கடிகாரம் அறுநூறு கலோரி என்று காட்டினால், அந்த அறுநூறுக்கும் சாயங்காலம் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு வரவு வைத்திருக்கிறார்.

கடிகாரங்கள் பொதுவாகத் தாராள மனசுக்காரர்கள் என்று எடுத்துச் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு செலவழிக்கிறதையும் சேர்த்துக் காட்டிவிடும். நடைக்கென்று செலவானது அதைவிடக் குறைவு. நீங்கள் சாப்பிட்டதோ அறுநூறையும் தாண்டிப் போயிருக்கும் என்றேன். பாய் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எம் மவன் அங்கன வெயில்ல கெடந்து சம்பாதிச்சு வாங்கி அனுப்புனது மேடம், அது போயி எங்கிட்ட பொய் சொல்லுமா?”

அருவிப் பசி

சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவியில் குளித்தவர்களுக்கு அந்தப் பசி தெரியும். தலை துவட்டுவதற்குள் வயிறு கூப்பிடும். கடையத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு டீச்சர், சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுவருவார். இட்லிக்குத் தொட்டுக்கொண்ட சட்னி வரைக்கும் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

கேட்டதற்கு, ஞாயிறு அருவிக்குப் போவதாகச் சொன்னார். குளிரில் உடம்பு நடுங்கி நடுங்கி நிறைய எரிந்துவிடுமாம். அதனால் அன்றைக்குத் தின்கிற மிளகாய் பஜ்ஜியும் நேந்திரம் சிப்ஸும் அதற்குச் சரிக்குச் சரியாகிவிடுமாம். எனக்குக் கோபம் வந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வெள்ளைப் பக்கத்தை நிரப்பிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். டீச்சர் நிஜமாகவே மனம் புண்பட்டுப் போனார். “அருவியில குளிச்சிட்டுத் திங்கதையுமா எழுதணும் மேடம்? அது கோயில்ல பிரசாதம் வாங்கித் திங்க மாதிரில்லா!”

மார்க்கெட்டிலிருந்து வந்தவர்

இப்படிப்பட்டவர்களையே பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இசக்கிமுத்து வந்தார். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வயது நாற்பத்தொன்று, எடை தொண்ணூற்றாறு. நாற்காலி உடைந்துவிடுமோ என்று பயந்து நின்றுகொண்டே பேசினார். அவருடைய தங்கை பேச்சியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்துப் பார்த்ததில், இவருடைய சிறுநீரகம் மட்டும்தான் பொருந்தியது. ஆனால் இந்த எடையில் ஆபரேஷன் செய்ய முடியாது, பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மேஜையில் அடுக்கி வைத்திருந்த ஜெராக்ஸ் தாளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் ‘வேலை’ என்ற இடத்தில் ‘லேசானது’ என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் நிற்பவர்கள், வீட்டில் இருப்பவர்கள்; அதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடக்கவும் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மூட்டை தூக்குதது கணக்குல வருமா மேடம்? அதுக்குக் கொஞ்சம் சேத்துச் சாப்பிடலாமா?”

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “வேலை வேற, எக்சர்சைஸ் வேற அண்ணாச்சி. எரிச்சதையெல்லாம் திரும்பச் சாப்பிட்டா தங்கச்சிக்கு எப்போ குடுக்கப் போறீங்க?” என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அப்படின்னா இனிமே கேக்க மாட்டேன் மேடம்.”

ஏழு வாரம், ஏழு கிலோ

கேட்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு கிலோ என்று சொல்லிவைத்த மாதிரி இறங்கியது. மற்றவர்களுக்கு முன்னால் அவரை மெஷினில் ஏற்றி, “பாருங்க, மனசு இருந்தா எப்படி இறங்குதுன்னு” என்று காட்டினேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு தடவை சொன்னார். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். எனக்கு என் தாள் ஜெயிப்பதுதான் கண்ணில் பட்டது, ஆள் படவில்லை.

எட்டாவது வாரம் அவர் வரவேண்டிய திங்கட்கிழமை காலையில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவர் சுப்பையா, மார்க்கெட்டில் இசக்கிமுத்துவோடு சேர்ந்து மூட்டை தூக்குகிறவர். பின்னால் லாரிச் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டது. “இசக்கி சேனக்கெழங்கு மூட்டையோட லாரியில இருந்து சரிஞ்சிட்டான் மேடம். அவன் சட்டைப்பையில உங்க பேப்பருதான் இருக்கு, வேற நம்பரு ஒண்ணும் இல்ல.”

நாலு டம்ளர்

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிடைத்த அந்த நிம்மதி எனக்கு அரை மணி நேரம்தான் நீடித்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போனார். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, தசை கரைந்திருக்கிறது, இத்தனையோடு பாரம் தூக்கியதில் சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது என்றார். பழையபடி தேறுமா என்பது சில வாரங்கள் போனால்தான் தெரியும்; தேறாவிட்டால் தங்கைக்குக் கொடுக்க முடியாது. எதைக் கொடுப்பதற்காக அந்த மனிதர் பட்டினி கிடந்தாரோ, அதையே நான் கெடுத்துவிட்டேனோ?

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தாளில் எழுதியிருந்தது மட்டும், ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி, தண்ணீர்? தாளில் ‘தேவையான அளவு’ என்று போட்டிருந்தேன். தேவை எவ்வளவு என்று அவரே முடிவு செய்திருக்கிறார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பேச்சிக்கு ஒரு நாளைக்கி நாலு டம்ளருதான் அளந்து குடுக்காங்க. அவ நாக்க நனைச்சிட்டு உக்காந்திருக்கா, நான் எப்படி மேடம் சொம்பு சொம்பா குடிக்கது?”

தக்காளிப் பெட்டிமேல் ஒரு காலை

தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தெரியாததற்குக் காரணம் நான் கேட்காததுதான். ஒரு நாள் விடிகாலை முதல் பஸ்ஸில் பாவூர்சத்திரம் போனேன். சுப்பையா ஒரு காலித் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். லாரிக்கும் கடைக்கும் நடுவே ஒரு பலகை. தலையில் மூட்டையோடு அதில் இறங்கி, கடைக்குள் போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி ஏற வேண்டும். ஒருவர் மட்டும் எத்தனை மூட்டை என்று எண்ண ஆரம்பித்தேன். நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாயின் கடிகாரம் இல்லாததைச் சேர்த்துக் காட்டியது. என் தாள் இருந்ததையே காட்டவில்லை. இரண்டில் எது பெரிய பொய் என்று நீங்களே சொல்லுங்கள். வேலை ஓய்ந்ததும் சுப்பையா தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்தபடி சொன்னார்: “நாங்க இதுக்குள்ள ரெண்டு தடவ சாப்பிட்டிருவோம். அவன் மட்டும் லாரி மறைவுல போயி உக்காந்துக்கிடுவான். கோயிலுக்கு வெரதம் போலன்னு நாங்க ஒண்ணும் கேக்கல.”

இரண்டாவது தாள்

அவர் விழுந்த ஆறாவது வாரம் நடந்த பரிசோதனையில் சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. டாக்டர் அதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் அழுதேன். இதற்குள் உடம்பில் நீர் சேர்ந்து இரண்டு கிலோ திரும்ப ஏறியிருந்தது. இன்னும் ஐந்து இறங்க வேண்டும், அவசரப்படக் கூடாது. கையால் புதுத் தாள் எழுதினேன். கூடுதல் நடை கிடையாது. மூட்டை தூக்கும் நாளில் இடையில் கஞ்சியும் சுண்டலும், வேலை முடிந்ததும் முட்டையோடு சாப்பாடு. மூட்டை தூக்காத நாளுக்கு வேறு அளவு. தண்ணீருக்கு எத்தனை செம்பு என்று எண்ணிப் போட்டேன்.

இப்போது அவர் சாப்பிட மறுத்தார். ஒவ்வொரு வாய்ச் சோறும் தங்கையிடமிருந்து பறித்த மாதிரி இருக்கிறதாம். அப்போதுதான் என் மேஜை நாற்காலியில் உட்கார்ந்து நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: முதல் தாள் தப்பு, தப்பு என்னுடையது, நீங்கள் கேட்ட கேள்வி சரி. அவர் புதுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. “முந்தினது தப்புன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்போ இந்தப் பேப்பர நான் எத வச்சு நம்ப மேடம்?”

வார்டில்

அந்தக் கேள்விக்கு வாராவாரம் மெஷின்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொன்னது: கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அந்த வாரம் அவர் வீட்டுக்கே போய், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் நினைத்ததைவிட நாலு மாதம் தள்ளி நடந்தது. வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் நாலு மாதத்துக்கு எத்தனை ஊசி என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அண்ணனும் தங்கையும் தேறிய பிறகு பார்க்கப் போனேன். பேச்சியம்மாளிடம், உங்களுடைய நாலு மாதத்தை வீணாக்கியது நான்தான் என்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் எதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “உங்கள மட்டும் என்ன சொல்ல மேடம்? எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தா நான் மொதல்ல கேட்டது எத்தன கிலோ எறங்கியிருக்குன்னுதான். சாப்பிட்டியான்னு ஒரு நாளும் கேக்கல.”

இப்போதும் அதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள், நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு வருஷத் தொழிலும், கிட்டத்தட்ட அடுத்தவர் சிறுநீரகம் ஒன்றும் ஆகிவிட்டது.