சிவப்பு போன கண்

எனக்கு ஒன்பது வயதிருக்கும். படவேட்டில் மாமாவின் கரும்புக் கொல்லையில் ஒளிந்து விளையாடும்போது ஒரு தோகை என் வலது கண்ணைக் கீறிவிட்டது. ஆரணிக்குத் திரும்புவதற்குள் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது.

அப்பா பட்டு நெசவாளர். நான் அழுதால் அவருக்குத் தறியில் கை ஓடாது. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வாங்கிய சொட்டு மருந்து மிச்சமிருந்தது. அதை ஓடிப்போய் வாங்கி வந்து ஊற்றினார். மறுநாளே சிவப்பு வடிந்துவிட்டது.

"பாத்தியா, டாக்டர் இல்லாமலே ஜல்தியா ஆறிடுச்சு" என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். நானும் கண்ணாடியில் என் வெள்ளைக் கண்ணைப் பார்த்துப் பூரித்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சுவர் புகையாகத் தெரிந்தது.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அந்தப் புட்டியைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"காயம் பட்டா அதைப் பாத்துக்க உடம்புலருந்து ஆளுங்க ஓடி வருவாங்க. கண்ணு செவக்கறது அதனாலதான். இந்த மருந்து அவங்கள அடக்கி வச்சிடுச்சு. கிருமி சொகமா உக்காந்துகினு இருக்குது."

"அப்போ இது விஷமுங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. சண்டை முடிஞ்சும் அவங்க போகலன்னா தழும்பு பெரிசா விழும். அப்ப இதே மருந்த நானே குடுத்தாலும் குடுப்பேன். எப்பன்னு பாத்துக் குடுக்கணும்."

கிருமிக்கு வேறு சொட்டு மருந்து எழுதித் தந்தார். மணிக்கொரு தரம் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து ஊற்றினார். இரண்டு நாளில் கண் மறுபடி சிவந்தது. "செவந்துடுச்சு" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பெண்ணின் கண் சிவந்ததற்காகச் சந்தோஷப்பட்ட வீடு ஊரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆற ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. கருவிழியின் ஓரத்தில் கடுகளவு தழும்பு இருக்கிறது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

கண் ஆறுமா ஆறாதா என்று தெரியாத நாட்களில் ஒருநாள், அப்பா தறியில் உட்கார்ந்து தன் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு, அறுந்த இழையை முடிச்சுப் போட முயன்றார். விரல்கள் இழையைத் தாண்டித் தாண்டிப் போயின. என்னைச் சிரிக்கவைக்க விளையாடுகிறார் என்று நினைத்துக் கைதட்டினேன். ஒற்றைக் கண்ணோடு நான் என்ன செய்வேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"இன்னொரு தபா செய்ப்பா" என்றேன்.

செய்தார்.