முதல் நாற்காலிக்கான வெள்ளிக்கிழமை

அர்லிஸ் ஹௌகன் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பேண்ட் வாத்திய டீச்சராக இருந்தார். கால்பந்து ஆட்டத்தில் வாசிக்கும் பிள்ளைகளின் குளிரில் விறைத்துப்போன விரல்களைத் தேய்த்துவிடுவார். டிரம்பெட்டுக்குள் மாட்டிக்கொண்ட பென்சிலை எடுத்துத் தருவார். கணவர் ஆர்டன் இறந்த வாரத்தில்கூட இரண்டே நாள்தான் விடுப்பு எடுத்தார். "வீட்ல ஒரு சத்தமும் இல்ல. எனக்கு அது ஒத்துவரல" என்று மட்டும் சொன்னார்.

அவர் வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை வாசிப்புதான் முடிவு செய்யும். கிளாரினெட் வரிசையில் சிறப்பாக வாசிப்பவருக்கு முதல் நாற்காலி. பின்னால் இருக்கும் யாருக்காவது அது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை போட்டி கேட்கலாம். நாணயம் சுண்டி, யார் முதலில் என்று பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள். அர்லிஸ் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். இருவரும் ஒரே பகுதியை வாசித்து முடித்ததும், திரும்பாமலே "முதலாவது" என்றோ "இரண்டாவது" என்றோ சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை. "என் முதுகுக்கு உங்க யாரையும் தெரியாது" என்பார். பெற்றோர் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம், நான்காவது நாற்காலியில் இருந்த டார்லா வோல்க் போட்டி கேட்டாள். பதினைந்து வயது. பண்ணை வீட்டுப் பெண். வாசித்தது பள்ளிக்குச் சொந்தமான பழைய கிளாரினெட். முதல் நாற்காலியில் இருந்தவள் மெரிட் லுண்டே.

"டார்லா, மாடு கறந்த கையோட வந்துட்டியா? நடுங்குது பாரு!" என்றான் மேளக்காரப் பையன் ஒருவன்.

"நடுங்கினாலும் தாளம் தப்பாதுடா. உன் மேளம் மாதிரியா?" என்றாள் டார்லா. வகுப்பே சிரித்தது.

அர்லிஸ் திரும்பி நின்றார். முதலில் ஒருத்தி வாசித்தாள். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அடுத்து இரண்டாமவள். அந்த வாத்தியத்தில் துளையை மூடும் ஒரு சாவியை அழுத்தும்போதெல்லாம் டிக்கென்று சத்தம் வரும். அதைப் பழுது பார்க்கச் சொல்லிப் பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதியவர் அர்லிஸ்தான். வாசிப்பது டார்லா என்று முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நீண்ட சுரம் வந்தபோது டார்லா அதை நிறுத்திப் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் விடுவதுபோல மெல்ல இறக்கினாள். கரும்பலகையைப் பார்த்தபடி நின்ற அர்லிஸுக்குக் கண் கலங்கியது.

ஆனால் இரண்டே வாரத்தில் மைனாட் நகரில் பள்ளி பேண்டுகளை மதிப்பிட்டு நிலை கொடுக்கும் தேர்வு. இரண்டு வருடமாக இரண்டாம் நிலைதான் கிடைத்திருந்தது. இந்த முறை எடுத்திருந்த பாட்டில் கிளாரினெட் தனியாக வாசிக்கும் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் கச்சேரியில் டார்லா பயந்துபோய்ப் பாதியில் நின்றவள். மெரிட் எங்கேயும் நிற்க மாட்டாள்.

"முதலாவது" என்றார் அர்லிஸ்.

மைனாட்டில் மெரிட் ஒரு பிசிறில்லாமல் வாசித்தாள். முதல் நிலை கிடைத்தது. கேடயத்தைப் பேண்ட் அறைக் கதவுக்கு மேலே மாட்டினார்கள்.

மே மாதம் டார்லா கிளாரினெட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து அர்லிஸின் மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"ஏம்மா, தோத்துட்டோம்னா? அடுத்த வருஷம் மறுபடியும் கேளு."

"தோத்ததுக்கு இல்ல மிஸ். அன்னைக்கு நான்தான் நல்லா வாசிச்சேன்னு எனக்குத் தோணுச்சு. நிச்சயமாத் தோணுச்சு. என் காதே இவ்வளவு தப்பா இருந்தா, நான் வாசிச்சு என்ன ஆகப்போகுது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வெளியே மணி அடித்தது, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அர்லிஸ் பெட்டியை அலமாரியில் வைத்தார்.

டார்லா ஊரிலேயே இருந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள், பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பேண்ட் பிள்ளைகளை மைனாட்டுக்கு வருடா வருடம் அழைத்துப்போனதும் அவள்தான். கச்சேரி நடக்கும்போது உள்ளே வர மாட்டாள். அவள் மகள் டெஸ்ஸா ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, பேண்டில் சேர்க்கச் சொல்லி அர்லிஸ் போன் செய்தார்.

"எங்க குடும்பத்துக்கே காது கிடையாது மிஸ். அவ வாலிபால் ஆடட்டும்" என்று டார்லா சிரித்தாள்.

அன்றைக்கும் அர்லிஸ் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா என்று நினைத்தார். நேரில் பார்த்த நாட்களில் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். டெஸ்ஸா வளர்ந்து, பள்ளி முடித்து, வேலைக்கென்று ஃபார்கோ போய்விட்டாள்.

அர்லிஸ் ஓய்வு பெறும் வருடம், கடைசி மைனாட் பயணம். வாசித்து முடித்த பிள்ளைகள் உணவுக்கூடத்தில் பீட்சா தின்றுகொண்டிருந்தார்கள். அர்லிஸ் பனிச்சேற்றில் நடந்துபோய்ப் பேருந்தில் ஏறினார். டார்லா ஓட்டுநர் இருக்கையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மெரிட்டோட நடந்த போட்டி ஞாபகம் இருக்கா? ரெண்டாவது வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு, டார்லா."

டார்லா உமியைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். "ரெண்டாவது நான்தான்."

"தெரியும். அப்பவே தெரியும்."

அர்லிஸ் எல்லாவற்றையும் சொன்னார். டிக்கென்ற சாவி, நீண்ட சுரம், இரண்டு வாரத்தில் இருந்த தேர்வு.

"சர்ச்சுல இன்னைக்கு வரைக்கும் வாயை மட்டும் அசைச்சிட்டு நிக்கிறேன் மிஸ். பக்கத்துல பாடறவங்களைக் கெடுக்க வேண்டாம்னு. டெஸ்ஸா கைக்குழந்தையா அழுதப்பக்கூட ரேடியோவைத்தான் போட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

டார்லா முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். "போன வாரம் உங்களுக்குக் கேக் வெட்டுனாங்க. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு ரெண்டு நல்ல வார்த்தை சொன்னீங்க. தபால்காரரைக்கூட விடல. இதுவும் அதுல ஒண்ணா?"

"இல்ல. சத்தியமா இதுதான் நடந்துச்சு."

"அன்னைக்கும் இப்படித்தான் மிஸ், ஒரே வார்த்தைல சொன்னீங்க. நான் நம்புனேன்."

அந்த வாசிப்பு எங்கேயும் பதிவாகவில்லை. கேட்ட பிள்ளைகள் அன்றே மறந்திருப்பார்கள். சாட்சிக்கு இருந்தது அவருடைய சொல் ஒன்றுதான்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "முதல் நிலை! மிஸ், முதல் நிலை!" என்று ஒருத்தி பேருந்தின் பக்கத்தைத் தட்டினாள். டார்லா கதவைத் திறந்துவிட்டாள்.

"பூட்ஸை உதறிட்டு ஏறுங்க, எருமைகளா. உள்ள சேறாக்காதீங்க."

அர்லிஸ் இன்னும் படியருகே நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க மிஸ். கிளம்பணும்" என்றாள் டார்லா.

அவர் போய் உட்கார்ந்தார்.