அவள் கூப்பிட்டது என்னை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் நின்று பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மகள், "அப்பா" என்றாள்.

"என்னம்மா?"

மறுபடியும் "அப்பா". இந்த முறை குரல் உடைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். கட்டிலோரம் முழங்காலிட்டு, கண்மூடி, "நன்றி அப்பா, நான் உங்க பிள்ளப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. தஞ்சோங் காராங்கில் ஒரு கிளினிக்கில் தாதி. உடன் வேலை செய்யும் பெண்ணோடு, கோலசிலாங்கூர் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் ஜெபக்கூட்டத்திற்குப் போகத் தொடங்கியிருந்தாள். சொல்லிவிட்டுத்தான் போனாள்; நானும் தடுக்கவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், மாரியம்மன் கோவில் மணியைக் கேட்டு வளர்ந்து, படித்து, ஆசிரியரானவன் நான். யாரும் எந்தச் சாமியையும் கும்பிடலாம் என்று ஊருக்குச் சொல்கிறவன். அவள் ஏசுவே என்று கூப்பிட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மனைவியிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள்: "நீங்க மாரியாத்தாவ அம்மான்னு கூப்புடலியா? ஒங்கம்மா கோவிச்சிக்கிட்டு வந்து நின்னாங்களா?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க வாத்தியாரே."

மகள் வேலை முடிந்து வர நேரமானால், காரின் வெளிச்சம் முனை திரும்பும்வரை வாசல் கேட்டில் நிற்கிறவன் நான். இத்தனை வருடக் காவலுக்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அப்பா என்ற சொல். அவளுடைய அந்தச் சாமி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன். "ஒங்க சாமி ஒருத்தரா, மூணு பேரா?"

"ஒருத்தர்தாம்பா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணு ஆளு, ஆனா ஒரே கடவுள்."

"பரீட்சையில இப்படி எழுதினா நான் மார்க் போடமாட்டேன்."

"போடாட்டி பரவால்ல லா. அங்க மார்க் வாங்கி யாரும் உள்ள போறதில்ல. நாம நல்லவங்களா ஆவறதுக்கு முந்தியே அவரு நேசிச்சாரு. அதுதான் கிருபை."

அது என்னைச் சுட்டது. நான் பாடுபட்டு வாங்கிய பாசம் அங்கே இனாமாகக் கிடைக்கிறது. "பெத்த மகன சிலுவையில சாகக் குடுத்தவருதானே? அவரையா அப்பாங்கற?" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நம்ம பாவத்துக்காகக் குடுத்தாரு. மூணாம் நாளு எழுப்புனாரு. ஆனா குடுக்கறப்ப அவருக்கு வலிக்கலன்னா நெனைக்கிறீங்க?" மகள் தட்டைப் பார்த்தபடி பேசினாள். "வர சனிக்கிழம எனக்கு ஞானஸ்நானம், சுங்கை செம்பிலாங் கடலோரத்துல. நீங்க வரலன்னா நான் எடுக்கல."

ஆக, அந்த ஒரு வாரம் அவள் யாருடைய பிள்ளை என்பது என் கையில் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை தொடங்கி அவள் அறையிலிருந்து சத்தமே வரவில்லை. என்னிடமும், "சாப்பாடு மேசையில இருக்கு", "நான் கெளம்புறேன்" என்று மொட்டையாகத்தான் பேசினாள். வியாழக்கிழமைதான் உறைத்தது: அந்தச் சொல்லே வீட்டில் இல்லை. அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"சனிக்கிழம எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

அங்கே கடல் வற்றினால் வெகுதூரம் சேறுதான். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்றார். பிதா என்றுதான் சொன்னார். அதில் எனக்கு ஓர் அற்ப நிம்மதி. அவளைத் தண்ணீரில் முக்கினார்; பழைய ஆள் செத்துப் புது ஆளாக எழுவதாம். எனக்கு நினைவிருந்ததெல்லாம் அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதுதான். அவளோடு நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

முடியில் சேற்றுத் தண்ணீர் வழியக் கரையேறி, "அப்பா" என்றாள். சுற்றிலும் எல்லாரும் கண்ணீரோடு அப்பா, அப்பா என்றுதான் துதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன்.

"அப்பா, ஒங்களத்தான். துவாலைய குடுங்க, குளுருது."

துவாலை என் தோளில்தான் கிடந்தது.

இப்போதும் காலையில் அந்த அறையிலிருந்து "அப்பா" என்று கேட்கும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பேன். நன்றி என்று வந்தால் அவருக்கு. கார் சாவி எங்கே என்று வந்தால் எனக்கு.