ஆடி அமாவாசைக்கு மீன் வாங்கிய வீடு

எங்கள் ஒழுங்கையில் ஆடி அமாவாசையன்று மீன் வாங்கிய வீடு ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது.

தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். யுத்தம் முடிந்து நாங்கள் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தபோது, அப்படிப்பட்டவர்கள் இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை. விடியற்காலையிலேயே எல்லாக் குசினிகளிலிருந்தும் காத்தோட்டிக்காய் பொரிக்கும் வாசம் வரும். அந்தக் கசப்புக் காயை விரதச் சோற்றோடு அந்த ஒருநாள்தான் தேடுவார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் மீன்காரர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ஆடி அமாவாசை கிடையாது. ஆனாலும் அன்று எங்கள் படலைக்கு முன்னால் மட்டும்தான் கோர்ன் அடிப்பார். அம்மா வெளியே வந்து, ஒழுங்கை முழுவதும் காணும்படி நின்று, மீனைப் புரட்டிப் பார்த்து வாங்குவார்.

அப்பாவை நாங்கள் கடைசியாகக் கண்டது ஒரு பஸ் யன்னலில். யுத்தம் முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தான் ஆமிக்காரர் ஏற்றினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. பஸ்ஸில் போக என்னை விடவில்லையே என்று அழுததுதான் அன்றைக்கு நான் அழுத அழுகை. அதன் பிறகு அம்மா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எங்கும் பெயரை எழுதிக்கொண்டார்கள். எங்கும் பதில் இல்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. மாதாமாதம் அப்பாவின் நட்சத்திரமான பூசத்தன்று கோயிலுக்குப் போய், அப்பாவின் பெயருக்கு அருச்சனை செய்து, ஐயர் தரும் குங்குமத்தைக் கொண்டு வருவார். அடுத்த பூசம் வரைக்கும் அவர் நெற்றியில் அந்தக் குங்குமம்தான். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு எங்களிடம் வேறு அத்தாட்சி இருக்கவில்லை.

என் ஒன்பதாவது வயதில் பூசமும் ஆடி அமாவாசையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பிதிர்க்கடன் செய்ய வருகிற பெண்கள் நடுவில் பொட்டோடு போய் நிற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. என்னைத் தோயவார்த்து, தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டைக் கையில் தந்தார்.

"அப்பான்ரை பேர், பூச நட்சத்திரம். மறந்துபோகாதை. குங்குமத்தைக் கவனமாக் கொண்டு வா."

நான் மறக்கிற பிள்ளையா? அறநெறி வகுப்பில் என்னைவிடப் பாடமாக்கும் கெட்டிக்காரி இல்லை. அந்தக் கிழமைதான் பேச்சுப்போட்டிக்கு ரீச்சர் 'பிறவியின் பயன்' என்று இரண்டு பக்கம் எழுதித் தந்திருந்தார். மனிதர் அடைய வேண்டியவை நான்கு: அறம், பொருள், இன்பம், மோட்சம். முதல் மூன்றும் வழியில் வருபவை, மோட்சம்தான் போய்ச் சேருமிடம். உயிர் வினைக்கேற்பத் திரும்பத் திரும்பப் பிறந்து களைக்கிறது. மோட்சம் அடைந்த உயிர் மீண்டும் வருவதில்லை. இதை நான் எங்கள் ஆட்டுக்குப் பத்துத் தடவையாவது பேசிக் காட்டியிருப்பேன். ஆடு ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை.

கோயிலில் அன்று இரண்டு வரிசைகள். ஒன்றில் 'அருச்சனை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏழெட்டுப் பேர்கூட இல்லை. மற்றதில் 'மோட்ச அருச்சனை' என்று எழுதியிருந்தது. வரிசை தேர்முட்டி வரைக்கும் நீண்டு நின்றது. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆகப் பெரியது அங்கே கிடைக்கும்போது யாராவது சின்னதைக் கேட்பார்களா? நீண்ட வரிசையில் போய் நின்றேன். சீட்டு எழுதிய அண்ணை, "ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். "அப்பாவுக்கு" என்றேன். அவர் என் தலையைத் தடவி, கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் விட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எங்கும் மதிப்புத்தான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டைப் பார்த்தார். திருநீறு இருந்தது. வெற்றிலையில் ஒரு பிடி எள்ளு இருந்தது.

"குங்குமம் எங்கை?"

"ஐயர் தரேல்லை."

"எந்த வரிசையிலை நிண்டனி?"

நான் கையைக் கட்டிக்கொண்டு, பேச்சுப்போட்டிக் குரலில் சொன்னேன்: "மோட்ச அருச்சனை செய்தனான் அம்மா. அப்பாவுக்கு மோட்சம் கிடைச்சிடும். இனி அவர் திரும்பி வரவே மாட்டார்."

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பும் போடாமல் கோயிலுக்கு நடந்தார். கூட்டம் கலைந்து ஐயர் மண்டபத்தில் தனியே இருந்தார்.

"ஐயா, இவள் மாறிச் செய்துபோட்டாள். அந்தாள் இருக்கிறார். அதை மாத்தேலாதோ?"

ஐயர் என்னையும் அம்மாவின் நெற்றியையும் பார்த்தார்.

"அறியாப் பிள்ளை செய்ததைச் சுவாமி கணக்கெடுக்கமாட்டார் அம்மா. நீங்கள் யோசியாதேங்கோ."

நல்ல மனிதர், நல்லதைத்தான் சொன்னார். அம்மா விடவில்லை.

"அதே வாயாலை, அதே பேரைத்தானே ஐயா சொன்னனீங்கள். இதைக் கணக்கெடுக்காத சுவாமி, நான் மாதாமாதம் செய்யிறதை மட்டும் என்னெண்டு கணக்கெடுப்பார்?"

ஐயர் எழுந்துபோய் ஒரு நுள்ளுக் குங்குமம் எடுத்து வந்து நீட்டினார். அம்மா வாங்கினார். திரும்பி நடந்த வழி முழுவதும் அதை மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தார். வியர்வையில் கரைந்து விரலிடுக்கால் சிவப்பாக வழிந்தது. மீன்குழம்பு அடிப்பிடித்துப்போயிருந்தது, நாய்க்கு ஊற்றினார்.

பேச்சுப்போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. மோட்சத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசிய பிள்ளை வேறில்லை என்று ரீச்சர் சொன்னார். அம்மா வரவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் மீன்காரர் எங்கள் படலையடியில் கோர்ன் அடித்தார். அம்மா வெளியே வரவில்லை. அவர் இன்னும் இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். காத்தோட்டிக்காயும் வாங்கியிருக்கவில்லை. அடுப்பே மூட்டாமல் அம்மா குசினி வாசலில் இருந்தார்.

"விரதமே அம்மா?"

"இல்லை."

"அப்ப ஏன் சமைக்கேல்லை?"

"என்னத்தைச் சமைக்கிறது, பிள்ளை?"

அது என்னிடம் கேட்ட கேள்வி என்றுதான் நினைத்தேன். மீன் சமைத்தால் அப்பா இருக்கிறார். காத்தோட்டிக்காய் சமைத்தால் அப்பா இல்லை. இரண்டையும் நம்ப முடியாமல் போனவருக்கு அடுப்பில் ஏற்ற ஒன்றும் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? மனிதப் பிறவி எதற்கு என்று இரண்டு பக்கம் மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மா எதற்காக இவ்வளவு நாளும் எழுந்து நடமாடினார் என்று தெரியவில்லை. அதை நான்தான் எடுத்துவிட்டேன் என்றும் தெரியவில்லை.

பசித்தது. அயல் வீடுகளுக்குப் போனேன். விரத வீட்டில் வந்த பிள்ளையைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். மூன்று வீடுகளில், வாழையிலையில், வடை பாயாசத்தோடு சாப்பிட்டேன். பின்னேரம் திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் இருந்தார். மீன் வாங்காததே நல்லது, அடுத்த வருடமும் இப்படியே செய்வோம் என்று அவரிடம் சொன்னேன்.