மேட்டில் முந்தாதவன்

மேட்டின் பாதியில் நேவியோ சைக்கிளை விட்டு இறங்குகிறான். பின்னால் வருகிற எட்டுப் பேரும் இறங்க வேண்டியதாகிறது. களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவன் தொடைகள் பீப்பாய்க் கட்டை போல இருக்கின்றன. முன்னால் இருபதடி தூரத்தில் ஒரு பெரியவர் ரொட்டிப் பையோடு ஏறிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அவர் மேலே போய்ச் சேரும்வரை இவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் நடைக்கே வருவான். அவர் நின்றால் நிற்பான். அவர் இருமினால், இருமி முடிக்கட்டும் என்று வைக்கோல் தொப்பியின் கயிற்றைச் சரிசெய்துகொள்வான்.

மேட்டில் தன்னைவிட மூத்தவரை முந்தினால் அவருடைய மூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது எங்கள் மொந்தரால் ஊரில் பழைய நம்பிக்கை. இஸ்த்ரியாவின் மற்றக் குன்றுகளில் இது உண்டா என்று எனக்குத் தெரியாது. அங்கெல்லாம் மனிதர்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். முதல் டிராக்டர் வந்த வருஷம் ஊர் கூடிப் பேசி, அதற்குக் குடிக்க டீசல் இருக்கிறது, யார் மூச்சும் வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தது. பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. நம்பிக்கையும் மெல்லக் காணாமல் போனது. சைக்கிளைப் பற்றி மட்டும் அன்றைய கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு சந்தில் நேவியோ குடியேறிவிட்டான். இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் ஊரில் அவனைவிட இளையவர்கள் பாதிரியாரும் தபால்காரியும் சில நாய்களும்தான்.

அவன் தொழில், வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வருவது. கடற்கரையிலிருக்கும் ஒரு பயண நிறுவனம் வாரத்துக்கு மூன்று கூட்டம் அனுப்பும். பாலத்தடியில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று ஊர், இரண்டு ஒயின் நிலவறை, சுவர் ஓவியமெல்லாம் எலும்புக்கூடுகள் ஆடும் பழைய தேவாலயம் என்று சுற்றிக்காட்டி, மதியச் சாப்பாட்டுக்குக் குன்றின் உச்சியில் என் வீட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஏற்றுகிறான். எப்போது என்பதுதான் கேள்வி.

“வந்துட்டே இருக்கோம், தேத்தா. தண்ணிய அடுப்புல வச்சிடுங்க.” மூத்த பெண்களை இங்கே தேத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இதை அவன் பாலத்தடியிலிருந்தே போனில் சொல்வான் என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு வருஷமாயிற்று. விரலில் சுருட்டிய பாஸ்தா மாவுத் துண்டைக் கொதிநீரில் போட்டால் நாலு நிமிஷம். ஐந்தாவது நிமிஷம் அது சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். என் வீட்டில் ஒரு பானைத் தண்ணீர் மூன்று முறை வற்றி, மூன்று முறை நிரம்பிய நாட்கள் உண்டு. ஒரு செப்டம்பரில் கீழே கொடியில் திராட்சைக் கொத்தைப் படம் பிடித்துவிட்டுப் புறப்பட்ட கூட்டம், மேலே வந்தபோது அதே கொத்தை ஒயினாகக் குடித்தது. மிகை என்பீர்கள். மிகைதான், ஒரு பத்து நாள் மிகை.

மற்ற விஷயங்களில் அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அவன் கைப்பிடிப் பையில் வரைபடம் கிடையாது. கொடி வெட்டும் கத்தரி, அரை முழம் உப்பிறைச்சி, ஒரு மெழுகுவத்தித் துண்டு. யாருக்காவது டயர் பஞ்சரானால் முகம் மலரும். “காத்து போனா நல்லதுதான். உக்காந்து ஒரு வாய் குடிக்கலாம்” என்பான். நிலவறைகளில் மற்ற வழிகாட்டிகள் கோப்பையை முகர்ந்து பீச் வாசனை, பாதாம் வாசனை என்று பட்டியல் போடுவார்கள். இவன் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “நல்லா இருக்கா? அப்ப பேசாதீங்க” என்பதோடு சரி. அந்த மேடே இல்லாத நாட்டு ஹாலந்துக்காரர்கள் இதற்காகவே அவன்மேல் உயிரை விடுகிறார்கள்.

ஆனால் பேருந்து காத்திருக்காதே. இந்த வசந்தத்தில் இரண்டு கூட்டம் மாலைப் பேருந்தைத் தவறவிட்டது. நிறுவனத்திலிருந்து லொரேனா என்ற பெண் வந்தாள். நல்ல பெண், கையில் இரண்டு கடிகாரம். வியாழக்கிழமை தானே கூட வருவதாகச் சொன்னாள். மணிக்கூண்டில் மணி ஒன்று அடிப்பதற்குள் எல்லோரும் மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் முதல் மின்சார சைக்கிள் வைத்திருக்கும் வேறொருவர், பழைய ரயில் பாதை வழியாகச் சமதரையிலேயே கூட்டத்தைக் கொண்டுபோவார். அந்தப் பாதை எங்கள் குன்றுக்கு ஏறாது. நேவியோவுக்குப் பிழைப்பு போகும். எனக்குப் பந்தி போகும்.

ஆகவே புதன்கிழமை நான் வீடு வீடாகப் போனேன். நாளை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை வயதானவர்கள் யாரும் மேட்டுப் பாதையில் காலை வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள், சத்தியம் செய்தார்கள். பாக்கி இருந்தவர் ஊச்சியோ பார்பா ஒருவர்தான். பார்பா என்பது பெரியவருக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை. அதற்கு மேல் அவருக்கு மரியாதை கொடுப்பவர் குறைவு. எண்பத்து நாலு வயது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் கொடிகளின்மேல் நிழல் விழுகிறது என்று நேவியோ வீட்டு எல்லை அத்திமரத்தை வெட்டிச் சாய்த்தவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆனாலும் மேட்டில் அவர் பின்னாலும் இவன் தள்ளிக்கொண்டுதான் போவான். ஏனடா என்று ஒருமுறை கேட்டேன். “பேச்சு இல்லேங்கிறது எங்க சண்டை, தேத்தா. மூச்சு அவரோடது” என்றான்.

நான் சொன்னதைக் கிழவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அவன் பொழப்பு ஓடணும்னா நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கணுமாக்கும்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழன் பன்னிரண்டரைக்கு என் முற்றத்துச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. நேவியோவின் கூட்டம் கீழ் வளைவில் ஜோராக மிதித்து வந்துகொண்டிருந்தது. பாதை காலி. தண்ணீரை அடுப்பில் வைத்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், நடு வளைவில் ஊச்சியோ பார்பா, கொடி கட்டும் நார்க்கட்டை முதுகில் போட்டுக்கொண்டு ஏறுகிறார். காலையில் தேவையே இல்லாமல் இறங்கிப் போயிருக்கிறார். நேவியோ வந்தான். பார்த்தான். இறங்கினான். பத்துச் சைக்கிளும் தள்ளுவண்டியாயின.

“முந்திப் போடா. பாவத்த நான் ஏத்துக்கறேன்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். “வந்துட்டே இருக்கோம், தேத்தா.”

லொரேனா அவனோடு தர்க்கம் பண்ணியிருக்கிறாள். பிறகு அவளே என்னிடம் சொன்னாள். அவர் ஓரமாகத்தானே போகிறார், ரோடு முழுக்கக் காலியாக இருக்கிறதே என்றாளாம். “ரோடு காலிதான் மேடம். அவரு காலியாயிடக் கூடாதில்ல” என்றானாம்.

கிழவர் வேண்டுமென்றே ஊர்ந்தார். ஒவ்வொரு கொடி வரிசைக்கும் நின்று, மகனுக்குப் பெண் பார்ப்பது போல் பார்த்தார். என் சுவருக்கு நேர் கீழே இருக்கும் கடைசி வளைவில் மணி ஒன்றாக எட்டு நிமிஷம். அங்கேயிருந்து மிதித்தால் என் மேசைக்கு மூன்றே நிமிஷம். அங்கேதான் அவர் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். வெந்த தக்காளி போல் எட்டு முகம், இரண்டு கடிகாரத்தையும் பார்க்கிற ஒரு பெண், தொப்பியோடு நேவியோ. என்ன தோன்றியதோ, கல் சுவரின் இடைவெளி வழியாகத் தன் தோட்டத்துக்குள் இறங்கி, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போன வாரமே கட்டிய ஒரு கொடியை மறுபடி கட்ட ஆரம்பித்தார். போய்த் தொலை என்பதை அவர் பாஷையில் இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

பாதையில் இப்போது ஒருவருமில்லை. அவன் நம்பிக்கைக்கும் எந்தக் குறையுமில்லை. லொரேனா மிதியில் காலை வைத்துவிட்டாள். நான் மாவுத் துண்டுகளைக் கொதிநீரில் கொட்டிவிட்டேன். ஓடி வந்து பார்த்தால் நேவியோ நின்ற இடத்திலேயே நிற்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது கிழவரின் தோள்களை. சட்டைக்குள் அவை ஏறி ஏறி இறங்கின. நார் பிடித்த விரல்கள் முடிச்சைத் தவறவிட்டன, மறுபடி தவறவிட்டன. பிடிவாதத்துக்காக இறங்கி ஏறிய மேடு அவர் நெஞ்சுக்குள் இன்னும் முடியவில்லை.

“அடப்பாவி” என்றேன், யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்.

லொரேனாவை மேலே போகச் சொல்லிக் கைகாட்டினான். அவள் போகவில்லை, வழிகாட்டி இல்லாமல் வந்து சேர்ந்தால் அது கணக்காகாது என்பது அவள் போட்ட விதிதான். நேவியோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். தண்ணீர்ப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். வாய்ப்பக்கத்தைச் சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தான். மணிக்கூண்டு ஒன்று அடித்தது. அடுப்பில் என் மாவு ஐந்தாவது நிமிஷத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் சுவருக்கு மேலே, கிழவரின் முதுகை நோக்கிப் புட்டியை நீட்டினான். அவர் திரும்பும்வரை கையை இறக்கவில்லை.